ஸ்ட்ராபெரி நிலவும் முத்துக்கரை வானமும்

ஒவ்வொரு மாதமும் பிறக்கும்போது 'இம்மாத வான நிகழ்வுகள்' என்றொரு செய்தி நாளிதழ்களில் தவறாமல் வந்துவிடுகிறது. அதை வரவேற்கவே வேண்டும். அன்னாந்து பார்க்கும் பழக்கத்தையே மறந்துபோன நமக்கு, மேலேயும் ஏதோ நடக்கிறது என்று மாதம் ஒருமுறையாவது யாரோ நினைவூட்டுகிறார்கள். ஆனால் அந்தச் செய்தியைச் சற்று ஊன்றிப் படித்தால் நம் மகிழ்ச்சி குறைந்துவிடுகிறது. ஜனவரி முழுநிலவு 'ஓநாய் நிலவு'. ஜூன் முழுநிலவு 'ஸ்ட்ராபெரி நிலவு'. வட அமெரிக்காவின் பழங்குடி மக்களும் அங்கே குடியேறியவர்களும் தங்கள் காட்டையும் பருவத்தையும் பார்த்துச் சூட்டிய பெயர்கள் இவை. அந்த மண்ணில் அவை பொருள் பொதிந்தவை. அவற்றை நாம் எள்ளவில்லை. ஆனால் தூத்துக்குடியில் ஜூன் மாதத்தில் ஸ்ட்ராபெரி எங்கே பழுக்கிறது? உடன்குடித் தேரியில் பனையேறிகள் பதநீர் இறக்கும் காலம் அது. இரவல் பெயர்தான் வேண்டுமென்றால் 'நுங்கு நிலவு' என்றாவது வைத்துக்கொள்ளலாம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். பெயரோடு முடிந்தால் நாமும் விட்டுவிடுவோம். எந்த ஊரில் நின்று பார்ப்பது, எந்தப் பருவத்தில் பார்ப்பது, எந்தத் திசையில் பார்ப்பது ஆகிய மூன்றுமே அந்தச் செய்திகளில் இரவலாக இருக்கின்றன. நாற்பது ஐம்பது பாகை வடக்கே வாழ்பவர்களுக்காக எழுதப்பட்டதை அப்படியே மொழிபெயர்த்து, ஏறத்தாழ 8.8 பாகை வட அட்சத்தில் இருக்கும் தூத்துக்குடிக்காரர் கையில் கொடுத்துவிடுகிறோம். அவர் வாசலுக்கு வந்து தேடிப் பார்த்து, ஒன்றும் தெரியாமல், இதெல்லாம் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று உள்ளே போய்விடுகிறார். பிழை அவருடையது அன்று.

இன்னொரு வகைச் செய்தியும் உண்டு. 2025 ஜனவரியில் 'கோள்களின் அணிவகுப்பு' என்று பெரும் ஆரவாரம் எழுந்தது. கோள்கள் யாவும் ஏறக்குறைய ஒரே தளத்தில் சூரியனைச் சுற்றுகின்றன. ஆகவே அவை எப்போதுமே வானில் ஒரே பாதையை ஒட்டித்தான் தென்படும். அந்த மாதம் மாலையில் வெள்ளி, சனி, வியாழன், செவ்வாய் நான்கையும் வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது என்பது நல்ல செய்தி. ஆனால் பட்டியலில் சேர்க்கப்பட்ட யுரேனசையும் நெப்டியூனையும் தேடிக் கழுத்து வலித்தவர்கள் எத்தனை பேர்! 'சூப்பர் மூன்' என்ற சொல்லையோ 1979இல் ஒரு சோதிடர்தான் உருவாக்கினார். மிகத் தொலைவில் இருக்கும் முழுநிலவைவிட அதன் விட்டம் சுமார் 14 விழுக்காடு பெரிதாக இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வழியில்லாததால் வெறுங்கண்ணுக்கு வேறுபாடு பிடிபடுவதில்லை. ஆரவாரத்தை நம்பி வெளியே வந்தவர் அடுத்த முறை வரமாட்டார். மிகைச் செய்தியின் கேடு இதுதான்.

நம்மிடம் மாத வாரியான வான நாள்காட்டி இல்லாமலா போயிற்று? தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம், திருக்கார்த்திகை, மார்கழித் திருவாதிரை என்று வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம். திருவிழாக்களின் பெயர்களாக மட்டுமே இவற்றை நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் அந்த மாதத்து முழுநிலவு எந்த விண்மீனுக்கு அருகில் நிற்கும் என்பதற்கான முகவரிகள் இவை. மாசி முழுநிலவன்று நிலவின் அக்கம்பக்கத்தில் ஒளிரும் வெண்ணிற மீன் மகம். சித்திரை முழுநிலவின் பக்கத்தில் இருப்பது சித்திரை மீன். கார்த்திகை மாத முழுநிலவு அறுமீன் கொத்தை ஒட்டி எழும். மார்கழியில் அது செந்நிறத் திருவாதிரையின் பக்கம் வந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு ஓரிரு நாள் முன்பின் ஆகலாம், முகவரி தவறாது. வைகாசி விசாகத்தன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் திரளும் பெருங்கூட்டத்தில், நிலவுக்கு அருகே விசாகம் எது என்று தலை நிமிர்த்திப் பார்ப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பண்டிகை இருக்கிறது, அது சுட்டிக்காட்டிய விண்மீனை விட்டுவிட்டோம். இது சமய நம்பிக்கை பற்றிய பேச்சு அன்று. நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் அந்த மீன் அதே இடத்தில்தான் இருக்கிறது.

'மீன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கடலில் நீந்துவதும் மீன், வானில் மினுங்குவதும் மீன். சங்கப் பாடல்கள் நாண்மீன், கோண்மீன் என்று விண்மீனையும் கோளையும் பிரித்தே பேசுகின்றன. சிந்துவெளி முத்திரைகளில் உள்ள மீன் குறியை விண்மீன் என்று வாசிக்க ஹீராஸ் பாதிரியாரும், அவருக்குப் பின் அஸ்கோ பர்ப்போலாவும் முயன்றது இந்த இருபொருளை வைத்துத்தான். அந்த வாசிப்பு இன்னும் முடிவாகாதது. ஆனால் சொல்லின் இரட்டைப் பொருளில் ஐயமில்லை. 'ஆரல்' என்பது ஒரு மீனின் பெயர். கார்த்திகைக் கொத்துக்கும் பழந்தமிழில் அதே பெயர் உண்டு. கார்த்திகைப் பெண்கள் வளர்த்ததாகச் சொல்லப்படும் முருகன் கோயில் கொண்டிருப்பதும், ஆரல் முதலாகப் பல மீன்களை அறிந்த மக்கள் வாழ்வதும் ஒரே கடற்கரை. இப்படிப்பட்ட மொழியை வைத்துக்கொண்டு நாம் ஸ்ட்ராபெரியைக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இனி அட்சம். ஓரிடத்தின் அட்சம் எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில்தான் துருவ மீன் அங்கே தெரியும். தூத்துக்குடியில் அது தொடுவானிலிருந்து ஒன்பது பாகைக்கும் சற்றுக் குறைவான உயரத்தில் நிற்கிறது. கையை நீட்டி முட்டி பிடித்தால் அந்த முட்டியின் அகலம் சுமார் பத்துப் பாகை, அவ்வளவுதான் உயரம். வடக்கில் இப்படி இழப்பதைத் தெற்கில் நாம் பலமடங்காகப் பெறுகிறோம். லண்டன்காரர் ஊரில் இருந்தபடி வாழ்நாள் முழுதும் காண முடியாத அகத்திய மீன், நமக்குத் தெற்கே 28 பாகை உயரம் வரை ஏறி வருகிறது. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் குடும்பமான ஆல்ஃபா செண்டாரி 20 பாகை உயரத்தில் நிற்கிறது. அதன் ஒளி நம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. தென்சிலுவையும் 21 பாகை உயரத்தில் முழுமையாகத் தெரிகிறது. மொழிபெயர்க்கப்பட்ட மாதச் செய்திகளில் இவற்றில் எதுவும் இருப்பதில்லை. எழுதியவரின் வானத்தில் இவை கிடையா.

தெற்கு நோக்கிய இந்தச் சாளரத்தின் மதிப்பை உணர்ந்தவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாத ஆச்சாரியார் 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். ரெட்டிகுலம் என்னும் தென்வான விண்மீன் குழுவில் இருக்கும் அது, சென்னையிலிருந்து பார்த்தால் தெற்கே சுமார் 14 பாகை உயரத்தைத் தாண்டாது. ஐரோப்பாவின் பெரிய ஆய்வகங்களுக்கு எட்டாத மூலை அது. அவரே 1874இன் வெள்ளி இடைநகர்வைப் பற்றிப் பொதுமக்களுக்காக இந்திய மொழிகளில் சிறுநூல் வெளிவரச் செய்தார். வானத்தை மக்கள் மொழியில் சொல்ல வேண்டும் என்ற கவலை நமக்கு இன்று புதிதாக வந்ததன்று என்பதற்காக இதைச் சொல்கிறோம். பின்னாளில் வைணு பாப்பு காவலூரைத் தேர்ந்தெடுத்தபோதும், இரு அரைக்கோள வானங்களையும் அங்கிருந்து பார்க்கலாம் என்பது அவ்விடத்தின் பெரிய தகுதிகளில் ஒன்றாக இருந்தது. தூத்துக்குடி காவலூரைவிட ஏறத்தாழ நான்கு பாகை தெற்கே இருக்கிறது.

மூன்றாவது, பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்தியாவின் பெரும்பகுதி வானத்தை மூடிவிடுகிறது. தூத்துக்குடியோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறது. கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும், மலைப்பக்கத்து மேகத் துணுக்குகள் மிதந்து போகும். மழை மட்டும் அரிது. இங்கே ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். இந்தக் காரணத்தால்தான் நாட்டின் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடத்தை இந்தக் கரை பிடித்திருக்கிறது. உப்பு விளைய என்ன வேண்டுமோ அதுவேதான் விண்மீன் பார்க்கவும் வேண்டும்: மழையில்லாத நீண்ட பருவம். ஊரெல்லாம் குடைபிடிக்கும் ஆடி, ஆவணியில் முத்துக்கரைக்காரர் பால்வெளியைப் பார்க்கலாம். உப்பளக் காலமே இங்கே விண்மீன் காலம்.

அப்படியானால் இந்தக் கரைக்கான மாதக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? ஆண்டுதோறும் மாறாதவற்றை மட்டும் கொண்டு ஒரு மாதிரி தருகிறோம். கோள்களின் இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதை அவ்வப்போது சேர்த்துக்கொள்ளலாம். நிலவில்லாத இரவு என்று கொள்க.

தை, மாசி மாதங்களில் இரவு ஒன்பது மணியளவில் உச்சியை ஒட்டி மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கும். அவற்றுக்குத் தென்கிழக்கே வானத்தின் மிக ஒளிமிக்க விண்மீனாகிய சிரியசு. அதிலிருந்து தெற்கே கண்ணை இறக்கினால் அதற்கடுத்த ஒளியுடைய அகத்தியர். தாமிரபரணி பிறக்கும் பொதிகையில் அகத்தியர் இருப்பதாகச் சொல்வது நம் மரபு. அந்த ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயலில் நின்று தெற்கே நோக்கினால் வானத்திலும் அகத்தியர். தொடுவானம் மிகத் தெளிவாக இருக்கும் இரவில், அவருக்கும் கீழே, சுமார் 11 பாகை உயரத்தில், மங்கலான மேகத் துண்டு போலப் பெரிய மெகல்லன் மேகம் தெரியலாம். அது நம் பால்வெளிக்கு வெளியே உள்ள இன்னொரு விண்மீன் மண்டலம். அதை வெறுங்கண்ணால் காண முயலும் வாய்ப்பு இந்நாட்டில் இதுபோன்ற தென்கோடிக்குத்தான் நன்கு வாய்க்கிறது.

பங்குனி, சித்திரையில் நள்ளிரவை ஒட்டி வெளியே வாருங்கள். வடக்கே எழுமீனாகிய சப்தரிஷி மண்டலம், தெற்கே தென்சிலுவை. இரண்டும் ஒரே நேரத்தில் எதிரெதிரே நிற்கும். இரண்டையும் இப்படி வசதியாகச் சேர்த்துப் பார்ப்பது நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்பவர்களுக்குக் கிடைத்த கொடை. ஏப்ரல் 12, 13ஐ ஒட்டி, சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு, பகலில் ஒரு நிகழ்வும் உண்டு. சுமார் 12 மணி 18 நிமிடத்துக்குச் சூரியன் தூத்துக்குடிக்கு நேர் உச்சியில் வரும். நட்டுவைத்த கோலின் நிழல் காலடியில் மறைந்துபோகும். ஆகஸ்டு கடைசி நாள்களில் மீண்டும் ஒருமுறை இது நிகழும். ஒரு செலவும் இல்லாமல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடியது இது.

மே 5, 6ஐ ஒட்டிய விடியற்காலைகளில் ஈட்டா அக்குவாரிட் எரிமீன்கள். ஹாலி வால்மீன் விட்டுச் சென்ற துகள்கள்தாம் இப்படி எரிகின்றன. வட நாடுகளின் குறிப்புகள் இதனை ஓரிரு வரியில் கடந்துவிடும். அங்கே அந்த மீன் குழு மேலெழுமுன் விடிந்துவிடும். நமக்கோ விடியுமுன் அது கிழக்கே நன்றாக ஏறியிருக்கும், அதுவும் கடலுக்கு மேலே. மாறாக, ஆகஸ்டு நடுவில் வரும் பெர்சீட் எரிமீன்களை அவர்கள் ஆண்டின் பெருவிழாவாகக் கொண்டாடுவார்கள். நமக்கு அது நள்ளிரவை ஒட்டித்தான் வடகிழக்கே எழும். அவர்களுக்குத் தெரிவதில் ஒரு பகுதிதான் நமக்குத் தெரியும். இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும், மொழிபெயர்ப்புக் குறிப்பு நம்மை எப்படி ஏமாற்றுகிறது என்று அறிய.

வைகாசியில் இரவு ஒன்பது மணியளவில் தெற்கே 33 பாகை உயரத்தில் பஞ்சுப்பொட்டுப் போன்ற ஒரு மீன் தெரியும். அது ஒற்றை மீன் அன்று. சுமார் ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட ஒமேகா செண்டாரி என்னும் கோளக் கொத்து. ஆடி, ஆவணியில் தெற்கே விருச்சிகம் கொடுக்கை உயர்த்தி நிற்க, அதன் வாலருகே பால்வெளியின் மையம் பாதி வானத்துக்கு மேல் ஏறியிருக்கும். புரட்டாசி போனால் மழை. ஐப்பசி, கார்த்திகையில் வானம் திறந்த நாள் கிடைத்தால் பேறு. இல்லாவிட்டால் புத்தகம் படிக்கலாம். கார்த்திகைக் கடைசியில், டிசம்பர் 13, 14இல், ஜெமினிட் எரிமீன்கள் வரும்போது மழை ஓய்ந்திருந்தால் ஆண்டின் சிறந்த இரவு அதுவே. இத்தனைக்கும் தொலைநோக்கி வேண்டியதில்லை. பாயும் பொறுமையும் போதும்.

இந்த வானம் இக்கரையில் ஒருகாலத்தில் பொழுதுபோக்காக இருந்ததில்லை, தொழிற்கருவியாக இருந்தது. மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபம் பெரும்பாலும் காற்று ஓய்ந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் நடக்கும். படகுகள் இரவிலேயே கரைக்காற்றைப் பிடித்துப் புறப்பட்டு, விடியும் வேளைக்கு முத்துப் பாரை அடைந்துவிட வேண்டும்; பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பும். பங்குனி நள்ளிரவில் படகில் இருப்பவருக்குத் தெற்கே எது தெரியும் என்று மேலே சொன்ன குறிப்பைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்: தென்சிலுவை. கொற்கை முத்தைப் பெரிப்ளூசும் தாலமியும் எழுதினார்கள். அந்த முத்தை எடுக்கப் போனவர்களின் தலைக்குமேல் இருந்த வானத்தைப் பற்றி அவர்கள் எழுதவில்லை. கடைசிச் சலாபங்கள் 1955க்கும் 1961க்கும் இடையில் நடந்தன. அதற்குப் பின் முத்துக்குளித்தல் நினைவாகிவிட்டது.

தோணிக்காரர்களின் கதையும் இதுவே. பாய்விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போன தூத்துக்குடித் தோணிகளின் தலைவரைத் 'தண்டல்' என்பார்கள். தெற்கே போகப் போகத் துருவ மீன் தாழ்ந்துகொண்டே வரும். கொழும்பில் அதன் உயரம் ஏழு பாகை, மாலேயில் நான்கு. எவ்வளவு தாழ்ந்தது என்பதே எவ்வளவு தெற்கே வந்தோம் என்பதன் கணக்கு. சோழமண்டலக் கரையோரக் கடலோடிகள் முடிச்சிட்ட கயிறு கோத்த ஒரு பலகையால் விண்மீன் உயரத்தை அளந்ததையும், அதற்கு 'இராப்பலகை' என்று பெயர் இருந்ததையும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். குறிப்பெழுத ஓர் அந்நியர் வரவேண்டியிருந்தது என்பது நமக்குரிய செய்தி.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சித்திரை அமாவாசையை ஒட்டி நாங்கள் ஏழெட்டுப் பேர் மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போயிருந்தோம். கடலுக்குள் நீண்டிருக்கும் அந்த மணல்மேட்டிலிருந்து தெற்கே தடையில்லாத தொடுவானம். இரவு பதினொரு மணி இருக்கும். கையில் இருந்த செல்பேசிச் செயலியை வானத்துக்கு நீட்டி, எது எந்த மீன் என்று ஒருவருக்கொருவர் வாசித்துக்கொண்டிருந்தோம். வலை பார்த்துவிட்டு வந்த முதியவர் ஒருவர் சற்று நேரம் நின்று கவனித்தார். "என்ன தம்பி, போனுக்குள்ள தேடுதியோ?" என்றார். தென்சிலுவையைத் தேடுகிறோம் என்றோம். அவர் தேடவில்லை, கையை மட்டும் நீட்டினார். "அந்தா நிக்கில்லா. எங்கப்பா அதைக் குருசுன்னுதான் சொல்லுவாரு. அது சாயாம நிமிந்து நின்னா அதுக்கு நேர் கீழதான் தெக்கு." செயலியைப் பார்த்தோம். அவர் சொன்னது சரியாக இருந்தது. "வேற பேரெல்லாம் தெரியுமா ஐயா?" என்று கேட்டோம். "அப்பாவுக்குத் தெரியும். எனக்கு நாலஞ்சு. எம் மவனுக்கு ஜிபிஎஸ் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தக் கணக்கு எங்களை விடவில்லை. தந்தைக்கு எல்லாம், மகனுக்கு நாலைந்து, பேரனுக்கு ஒன்றுமில்லை. செயற்கைக்கோள் வழிகாட்டி உயிரைக் காக்கிறது. அதை வேண்டாமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் பெயர்கள் போவது கருவியால் மட்டும் அன்று. பெயருக்கு உரிய பொருளே கண்ணிலிருந்து மறைந்துகொண்டிருக்கிறது. அன்று மணப்பாட்டில் தென்வானம் கருப்பாக இருந்தது. வடக்கே திரும்பினால் அடிவானம் முழுதும் மங்கிய ஆரஞ்சு நிறம். துறைமுகம், அனல்மின் நிலையம், ஆலைகள், நெடுஞ்சாலை விளக்குகள். அந்த ஒன்பது பாகை உயரத்துத் துருவ மீன் இருந்த இடமே தெரியவில்லை.

அந்த ஒளி இனிக் கூடவே செய்யும். 2025இல் மட்டும் விமான நிலையத்தின் புதிய முனையமும் மின்கார் ஆலையும் தூத்துக்குடியில் திறக்கப்பட்டன. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளையாமல் நேர் தெற்கே கடலுக்கு மேல் ஏவலாம் என்பதால்தான் அந்த இடம் தேர்வாயிற்று. திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடையே உள்ள ஊர் அது. எந்தத் தென்திசையை நம்பித் தோணிகள் சென்றனவோ அதே திசையை நம்பி இனி ஏவுகலங்கள் செல்லும். இதில் நமக்குப் பெருமைதான். ஆனால் விண்வெளிக்குக் கலம் ஏவும் ஊரில் விண்மீன் தெரியாமல் போனால் அதைவிட நகைப்புக்குரியது வேறொன்று இருக்க முடியாது.

எதிர்வாதங்களை நாம் அறியாதவர்கள் அல்லர். இருட்டு வேண்டும் என்று கேட்பவர்கள் வசதியாக வாழ்பவர்கள். இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண்ணுக்கு விளக்கு வேண்டும். விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்கு இறங்குதுறையில் வெளிச்சம் வேண்டும். மின்சாரத்துக்கு ஏங்கிய ஊர்களிடம் விளக்கைக் குறைக்கச் சொல்வது கொடுமை. இவை ஒவ்வொன்றும் நியாயமானவை. ஆனால் நாம் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. விளக்கின் தலைக்கு ஒரு மூடி கேட்கிறோம். வானத்தை நோக்கிப் போகும் ஒளியால் எந்தப் பெண்ணுக்கும் வழி தெரிவதில்லை. கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, அதற்கப்பால் நிற்பவரை இருளில் மறைத்துவிடுகிறது. கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள்: கடலில் வருபவனுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, எந்தத் திசையில் வேண்டுமோ அந்தத் திசையில் ஒளி தருகிறது. பாண்டியன் தீவிலும் மணப்பாட்டிலும் அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, நம் தெருவிளக்குகள் அதனிடம் பாடம் கற்கவில்லை. கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகளும் அலையின் மெல்லொளியை நம்பித்தான் கடலைத் தேடுகின்றன; ஊர் விளக்கைப் பார்த்து அவை எதிர்த்திசையில் நடந்து மடிகின்றன. இருள் காப்பது மனிதரின் ரசனைக்கு மட்டும் அன்று.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. முதலாவது, கடற்கரைச் சாலைகளிலும் துறைமுகச் சாலைகளிலும் இனி நடும் விளக்குகள் தரையை மட்டும் நோக்கும் மூடியுள்ளவையாக, மஞ்சள் சாயல் கொண்டவையாக இருக்கட்டும். இரண்டாவது, இக்கரையில் ஒரு சிறு பகுதியேனும் இருள் காக்கும் இடமாக அறிவிக்கப்படட்டும். லடாக்கின் ஹான்லே 2022இல் அப்படி அறிவிக்கப்பட்டது. அங்கே ஊர்மக்களையே பயிற்றுவித்து வருகிறவர்களுக்கு வானம் காட்ட வைத்தார்கள். குருசைக் கைநீட்டிக் காட்டிய அந்த முதியவரைவிட இங்கே யார் நல்ல வழிகாட்டி? மூன்றாவது, தண்டல்களிடமும் மூத்த மீனவர்களிடமும் மிஞ்சியிருக்கும் விண்மீன் பெயர்களைத் தொகுக்க வேண்டும். இதற்கு அரசாணை வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் இரண்டு இரவுகளும் போதும். நாலைந்து பெயர் என்பது மிகச் சிறிய எண். அது சுழியமாக நெடுங்காலம் ஆகாது. நான்காவது, மாத வான நிகழ்வுகள் எழுதும் இதழாளர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மொழிபெயர்க்குமுன் ஒருமுறை வாசலுக்கு வந்து தெற்கே பாருங்கள்.

மூன்றாம் பிறை நம் அட்சத்தில் பெரும்பாலும் தோணியைப் போலவே மல்லாந்து மிதக்கும். வடநாடுகளில் அது பல மாதங்களில் ஒருக்களித்துத்தான் நிற்கும். அதற்கும் ஒரு கடன் பெயர் வந்துசேருமுன், அடுத்த அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் மாலை, ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு மேற்கே பார்க்கலாம். பார்த்ததும் அந்தக் குழந்தை அதை என்னவென்று சொல்கிறதோ, அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.